ஏழாவது மாடிப் பாட்டு

எங்கள் ஆல்பத்தில் மொத்தம் ஆறு பாட்டுகள். அதில் ஐந்தை யாரும் கண்டுகொள்ளவில்லை. மூன்றாவது பாட்டுக்கு மட்டும் ஆடினார்கள். புனேயில் காபிக் கடை, பியர் கடை, கல்லூரி மைதானம் என்று எங்கே போய் வாசித்தாலும், அந்தப் பாட்டு தொடங்கியதும் முன்னால் நிற்பவர்கள் கையைத் தலைக்கு மேலே தூக்கித் தட்ட ஆரம்பிப்பார்கள். "பொம்மை, பொம்மை" என்று என்னோடு சேர்ந்து கத்துவார்கள். என்ன பாடுகிறோம் என்று அவர்களில் ஒருவருக்கும் தெரியாது. எனக்கு அது வசதியாக இருந்தது. அந்த வசதியைப் பற்றித்தான் இப்போது எழுதுகிறேன். எழுதினால் மனபாரம் இறங்கும் என்ற நம்பிக்கை எல்லாம் எனக்கு இல்லை. நான் எழுதியதால்தான் இத்தனை வினையும் வந்தது.

நாங்கள் புனேயில் ரயில் பாதையை ஒட்டிய போபோடிக்காரர்கள். வேலூர்ப் பக்கத்திலிருந்து வெடிமருந்துத் தொழிற்சாலை வேலைக்காக வந்து இங்கேயே தங்கிவிட்ட குடும்பம். அப்பாவும் அதே தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வீட்டுக்குள் தமிழ், வாசலைத் தாண்டினால் இந்தி, கொஞ்சம் மராட்டி. தமிழ் எழுத்தை நான் இருபது வயதுக்கு மேல்தான் தட்டுத்தடுமாறிக் கற்றேன். ஆனால் பேசுகிற தமிழுக்கு எங்கள் வீட்டில் இன்னொரு உபயோகமும் இருந்தது. மறைத்துப் பேச அது உதவியது.

காய்கறி மார்க்கெட்டில் கடைக்காரனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே அம்மா என்னிடம், "இந்தாளு நம்மள லூட்டுறான், கொள்ளை விலை சொல்றான், மூஞ்சைக் காட்டாம அடுத்த பாஜிக்காரன்கிட்ட வா" என்பாள். அவனும் சிரிப்பான். கூட்டமான பஸ்ஸில் நின்றபடி, எனக்கு ஏன் இந்த மாதம் தள்ளிப்போகிறது என்று மைக் வைத்த மாதிரி விசாரிப்பாள். சுற்றிலும் நாற்பது பேர் இருப்பார்கள். யாருக்கும் புரியாது. புரியாது என்றுதான் நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். வெளியே சொல்லக் கூடாததைத் தமிழில் சொல்லலாம் என்பது யாரும் சொல்லித்தராமலே எங்கள் எல்லோருக்கும் பழகியிருந்தது. பாட்டு எழுத உட்கார்ந்தபோதும் நான் இதையேதான் செய்தேன்.

இசை அமைத்தவன் என் கல்லூரி நண்பன், மராட்டிக்காரன். பகலில் ஒரு கம்பெனியில் கணினி வேலை, மற்ற நேரமெல்லாம் வீட்டில் கீபோர்டும் லேப்டாப்பும். கணபதி ஊர்வலத்தில் தாஷா மேளம் அடித்து வளர்ந்தவன். சோகப் பாட்டு என்றால் அவனுக்கு ஆகாது. "அழுவதென்றால் வீட்டில் போய் அழு, மேடையில் எதற்கு" என்பான். எனக்கோ சோகத்தைத் தவிர வேறெதுவும் எழுத வராது. இரண்டையும் சேர்த்து ஒரு வழி கண்டுபிடித்தோம். வார்த்தை எவ்வளவு இருட்டாக இருக்கிறதோ, இசை அவ்வளவு துள்ளலாக இருக்க வேண்டும். பாகற்காயை வெல்லப்பாகில் போடுகிற மாதிரி. இப்படிச் செய்கிற வெளிநாட்டு ஆல்பங்கள் சிலவற்றைக் கேட்டுவிட்டு, நாமும் பெரிய கலைக் காரியம் செய்கிறோம் என்று தலைகால் புரியாமல் திரிந்தேன். அதற்குத் தேவையான இருட்டு அக்காவிடமிருந்து கிடைத்தது.

அக்கா என்னைவிட ஆறு வயது மூத்தவள். தான் வேலை பார்த்த ஐ.டி. கம்பெனியிலேயே ஒரு கோயம்புத்தூர்க்காரரைக் காதலித்துக் கல்யாணம் செய்துகொண்டாள். மாமா நல்ல மனிதர். அவருடைய அம்மாவுக்குத்தான் இந்தச் சம்பந்தத்தில் ஆரம்பத்தில் மனசே இல்லை. எங்கள் வீட்டுக்கு முதன்முதலாக வந்தபோது, ரயில் போகிற சத்தத்தில் டம்ளர்கள் அதிர்வதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அக்கா அதை மறக்கவில்லை. கல்யாணத்துக்குப் பிறகு அவர்கள் புனேயிலேயே நிக்டியில் ஒரு புதுக் கட்டடத்தில் ஏழாவது மாடியில் குடியேறினார்கள்.

பிரசவத்துக்கு அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தாள். ஆண் குழந்தை. நாற்பதாம் நாள் பூஜைக்கு ஒரே ஒரு நாள் நிக்டிக்குப் போய்விட்டுத் திரும்பினாள். மூன்று மாதம் முடிந்தும் கிளம்பவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள், அம்மா கைச் சாப்பாடு விடவில்லை போலிருக்கிறது என்று கேலி செய்தார்கள். நானும் சேர்ந்துதான் கேலி செய்தேன்.

ஒரு மத்தியானம். அப்பா முன்னறையில் தூங்கிக்கொண்டிருந்தார். அம்மா ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். அக்கா குழந்தைக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். திடீரென்று, குழந்தையைப் பார்த்தபடியே பேச ஆரம்பித்தாள்.

"எனக்கு அங்க போகவே பயமா இருக்குடி."

"ஏன், மாமா ஏதாவது சொன்னாரா?"

"அவரு பாவம், ஒண்ணும் சொல்லல. பால்கனிதான். அன்னிக்கு பூஜைக்குப் போனப்ப இவனைத் தூக்கிக்கினு அங்க நின்னேன். ஏழாவது மாடி இல்ல, கீழ பாத்தா காரெல்லாம் பொம்மை மாதிரி தெரியுது. கையில இருக்கறதும் பொம்மைதானேன்னு ஒரு செகண்ட் தோணிடுச்சு. ஒரே செகண்ட். மத்லப், நான் ஒண்ணும் பண்ணிடல. உள்ள ஓடிவந்து கதவைச் சாத்திட்டேன். ஆனா அன்னியிலருந்து என் கைமேலயே எனக்கு பரோசா இல்ல, நம்பிக்கை இல்ல."

எண்ணெய்க் கையோடு உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. குழந்தை காலை உதைத்துக்கொண்டு சிரித்தது.

"யார்கிட்டயும் சொல்லாத. அம்மாகிட்டகூட வேணாம். அவருக்குத் தெரிஞ்சா அவங்கம்மாவுக்குத் தெரிஞ்சிடும். அப்புறம் போபோடிப் பொண்ணுக்குப் புள்ள வளக்கத் தெரியலன்னு ஆயிடும். சத்தியம் பண்ணு."

குழந்தையின் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்தேன். டாக்டரிடம் போகலாம், இதெல்லாம் சரியாகிவிடும், நான் இருக்கிறேன் என்று சொன்னேன். மனதாரத்தான் சொன்னேன். அக்கா என் தோளில் ஒரு நிமிடம் தலையைச் சாய்த்துவிட்டு, குழந்தையை என்னிடம் கொடுத்துவிட்டுக் குளிக்கப் போனாள்.

குழந்தை தூங்கியது. உள்ளே அக்கா வாளியிலிருந்து தண்ணீர் மொண்டு ஊற்றிக்கொள்ளும் சத்தம் கேட்டது. நான் ஃபோனை எடுத்து, அவள் சொன்னதை அவள் சொன்ன வார்த்தைகளிலேயே, இங்கிலீஷ் எழுத்தில் தட்டி வைத்தேன். மறந்துபோய்விடக் கூடாதே என்கிற அவசரம் எனக்கு. அவள் தலையைத் துவட்டிக்கொண்டு வெளியே வந்தபோது முதல் சரணம் கிட்டத்தட்ட முடிந்திருந்தது. "யாருக்குடி மெசேஜ்?" என்று கேட்டாள். ஆபீஸ் என்று சொன்னேன்.

அவளை டாக்டரிடம் கூட்டிப்போனது நான்தான். குழந்தைக்குத் தடுப்பூசி என்று வீட்டில் பொய் சொல்லிவிட்டுப் போனோம். வயதான லேடி டாக்டர். நிறையத் தாய்மார்களுக்கு இப்படி வரும், அந்த நினைப்பு உன்னைப் பயமுறுத்துகிறதே, நீ அப்படிச் செய்ய விரும்பவில்லை என்பதால்தான் அந்தப் பயம் என்று அக்காவிடம் பொறுமையாகச் சொன்னார். மாத்திரை கொடுத்தார். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வரச் சொன்னார். ஒவ்வொரு முறையும் நான் கூடப் போனேன். அக்கா கொஞ்சம் கொஞ்சமாகத் தேறினாள். குழந்தையின் ஐந்தாவது மாதம் தானே பெட்டியைக் கட்டி, "போதும், கிளம்பறேன்" என்றாள். பால்கனியில் துணி உலர்த்துகிற போட்டோ ஒன்றை அங்கிருந்து எனக்கு மட்டும் அனுப்பினாள். ஒரு வார்த்தையும் எழுதியிருக்கவில்லை. எனக்குப் புரியும் என்று அவளுக்குத் தெரியும்.

இதையெல்லாம் என் நல்ல குணத்துக்குச் சாட்சியாகச் சொல்லவில்லை. டாக்டர் அறைக்கு வெளியே பெஞ்சில் காத்திருந்த நேரத்தில்தான் இரண்டாவது சரணத்தை முடித்தேன்.

பாட்டைப் பதிவு செய்தபோது நண்பன் என்ன அர்த்தம் என்று கேட்டான். அம்மா, குழந்தை, பொம்மை என்று மூன்று வார்த்தைகளை மட்டும் மராட்டியில் சொன்னேன். அவன் முகம் மலர்ந்துவிட்டது. குழந்தைகள் வாசிக்கிற பொம்மை பியானோவின் ஓசையைத் தேடிப் பிடித்துச் சேர்த்தான். பல்லவிக்குக் கைதட்டல் வைத்தான். கேட்டபோது எனக்குப் புல்லரித்தது. இதைவிடக் குரூரமான, இதைவிட அழகான இசை அந்த வார்த்தைகளுக்கு அமைய முடியாது என்று நினைத்தேன். ஏழாவது மாடி என்பதை மூன்றாவது மாடி என்று மாற்றியிருக்கலாம். ஒருமுறை பாடியும் பார்த்தேன். மெட்டில் ஏழாவதுதான் நன்றாக உட்கார்ந்தது. ஆகவே விட்டுவிட்டேன்.

ஆல்பம் வெளிவந்ததும் ஊருக்கெல்லாம் அனுப்பினேன், அக்காவுக்கு அனுப்பவில்லை. "அது ஒரே சத்தம்கா, உனக்குத் தலைவலி வரும்" என்று சொல்லிவைத்தேன். ஆனால் மாமா சும்மா இருப்பாரா? மச்சினி பாடியிருக்கிறாள் என்று அவரே தேடி எடுத்துவிட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா ஃபோனில் பேசும்போது, "உன் பாட்டு கேட்டேன். கார்ல போட்டாரு" என்றாள்.

"எப்படி இருக்கு?" என்றேன்.

"ம். மியூசிக் நல்லா இருக்குது" என்றாள். பிறகு அம்மாவின் முட்டி வலியைப் பற்றி விசாரித்தாள்.

அவள் வார்த்தைகளைக் கவனிக்கவில்லை என்று முடிவு செய்துகொண்டேன். யார்தான் கவனிக்கிறார்கள்? என் ஆபீஸில் நாலைந்து சென்னைக்காரர்கள் இருக்கிறார்கள். அவர்களே "பாட்டு செம" என்று சொன்னதோடு சரி. சொந்தத் தமிழ் ஆட்களுக்கே காதில் விழாதபோது, காரில் போகிற அக்காவுக்கு எங்கே விழுந்திருக்கப்போகிறது என்று நினைத்தேன். அப்படி நினைப்பதுதான் எனக்குச் சௌகரியம்.

குழந்தைக்கு முதல் பிறந்தநாள் வந்தது. நிக்டியில் அவர்கள் கட்டடத்தின் கீழே இருக்கிற ஹாலில் விழா. மாமாவின் அம்மா பத்து நாள் முன்னதாகவே கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்தார். பேரன் பிறந்த பிறகு அவர் நிறைய மாறியிருந்தார். அக்காவை "சாமி" என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார். இருவரும் சேர்ந்து நின்று பலகாரம் செய்ததாக அம்மா பெருமையாகச் சொன்னாள். அடுத்த வாரம் அவருக்கு ஊர் திரும்ப டிக்கெட் இருந்தது.

கேக் வெட்டி முடிந்ததும் மாமா மைக்கைப் பிடித்தார். எங்கள் வீட்டு நட்சத்திரம் இப்போது பாடப்போகிறாள் என்று இந்தியில் அறிவித்தார். ஸ்பீக்கரில் எங்கள் பாட்டின் இசை துள்ளிக்கொண்டு வந்தது. பிள்ளைகள் எல்லோரும் நடுவில் ஓடிவந்தார்கள். எனக்குத் தொண்டை கட்டியிருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். அக்காவைப் பார்த்தேன். அவள் மூலையில் காகிதத் தட்டுகளில் கேக்கும் உருளைக்கிழங்கு வேஃபரும் சமோசாவும் வைத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. நான் மைக்கை வாங்கிக்கொண்டேன்.

"ஏழாவது மாடியில காத்து நல்லா வருது, கீழ நிக்கிற காரெல்லாம் பொம்மை, கையில இருக்கறதும் பொம்மை" என்று பாடினேன். பிள்ளைகள் கைதட்டிக் குதித்தார்கள். பெரியவர்களும் ஆடினார்கள். மாமாவுடன் வேலை பார்க்கிற தமிழ்க் குடும்பங்கள் மூன்று வந்திருந்தன. அவர்களும்தான் ஆடினார்கள். முதல் வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலியில் மாமாவின் அம்மா உட்கார்ந்திருந்தார். மடியில் குழந்தை. அதன் இரண்டு கைகளையும் பிடித்துத் தாளத்துக்குத் தட்டவைத்துக்கொண்டிருந்தார்.

இரண்டாவது சரணத்தில் அவர் தட்டுவதை நிறுத்தினார். குழந்தையின் மணிக்கட்டுகளைப் பிடித்தபடி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் எனக்குப் பயம் வந்திருக்க வேண்டும். உண்மையைச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷம்தான் வந்தது. கடைசியில் ஒருத்தராவது வார்த்தையைக் கேட்கிறாரே என்று இன்னும் நன்றாகப் பாடினேன்.

பாட்டு முடிந்து கைகழுவப் போன இடத்துக்கு அவரும் வந்தார். குழந்தையை என் அம்மாவிடம் கொடுத்துவிட்டு வந்திருந்தார்.

"ஏங் கண்ணு, பாட்டு நீயே எழுதுனதா?"

"ஆமாங்க அத்தை."

"சத்தத்துல பாதி கேக்கலீன்னாலும் கேட்ட வரைக்கும் நெஞ்சுல குத்துது. எல்லாரும் குதிச்சுட்டு இருக்கறாங்க, எனக்கு என்னமோ பண்ணிருச்சு. நல்லா எழுதியிருக்கற அம்மிணி."

எத்தனை மாதம்! தாளம் சூப்பர், கீபோர்டு சூப்பர் என்றுதான் எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். என் வார்த்தையை ஒருத்தர் பாராட்டியது அதுதான் முதல் தடவை. அதுவும் தமிழிலேயே பிறந்து வளர்ந்த ஒருத்தர். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. எதிரில் நிற்பது யார் என்பதே மறந்துபோயிற்று. பேட்டி கொடுக்கிற தோரணையில் சொன்னேன்:

"கற்பனை இல்லைங்க அத்தை. நிஜமாவே ஒரு அம்மா சொன்னது. ஒரு வார்த்தைகூட மாத்தாம எழுதினேன்."

அவர் குழாயை மூடினார். முந்தானையில் நிதானமாகக் கையைத் துடைத்துக்கொண்டார்.

"ஏழாவது மாடியில இருக்கறவளா கண்ணு?" என்று கேட்டார்.

இல்லை என்ற ஒரு வார்த்தையைச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான். எத்தனையோ பொய்யை வாய்கூசாமல் சொன்னவள் நான். அந்த ஒரு பொய் மட்டும் வரவில்லை. என் முகத்தில் ஈயாடவில்லை. அவர் திரும்பி, ஹாலின் மறுகோடியில் சமோசாத் தட்டை நீட்டிக்கொண்டிருந்த அக்காவைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"சேரி, நீ போய்ச் சாப்புடு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் போய்ச் சாப்பிட்டேன். அதையும் சொல்லிவிட வேண்டும். இரண்டு சமோசா சாப்பிட்டேன்.

அடுத்த வாரம் அக்கா ஃபோன் செய்தாள். "அத்தை டிக்கெட்டை கேன்சல் பண்ணிட்டாங்க" என்றாள். "எப்ப போவாங்க?" என்றேன். "தெரியல. நீ சனிக்கிழமை வா" என்று வைத்துவிட்டாள்.

போனேன். பால்கனிக் கதவில் புதிதாக ஒரு பூட்டு தொங்கியது. சாவி மாமாவின் அம்மாவுடைய முந்தானை முடிச்சில் இருந்தது. துணி உலர்த்த வேண்டுமென்றால் அவர் வந்து திறந்துவிடுவார், கூடவே நிற்பார், பிறகு பூட்டுவார். குழந்தையைக் குளிப்பாட்டுவது அவர், சோறு ஊட்டுவது அவர், தூங்கவைப்பது அவர். அக்கா குழந்தையைத் தூக்கினால் இரண்டு நிமிடத்தில் பக்கத்தில் வந்து, "நீ செத்த ரெஸ்ட் எடு சாமி, நான் வெச்சுக்கறேன்" என்று வாங்கிக்கொள்வார். மாமாவிடமும் அவர் சொல்லியிருக்க வேண்டும்; மாமா தன் வேலை மேசையைப் படுக்கையறையிலிருந்து ஹாலுக்கு மாற்றிக்கொண்டிருந்தார். அங்கிருந்து வீடு முழுவதும் தெரியும். யாரும் அக்காவை ஒரு கடுஞ்சொல் சொல்லவில்லை. எல்லாம் அன்பாகவே நடந்தது. திட்டியிருந்தால் அவள் திருப்பித் திட்டியிருப்பாள்.

எனக்கு டீ கொடுத்த அத்தை, "பாட்டெல்லாம் எப்புடிப் போகுது கண்ணு?" என்று கேட்டார். குத்திக் கேட்கவில்லை. சாதாரணமாகத்தான் கேட்டார். நான் டீயைப் பாதியிலேயே கீழே வைத்துவிட்டேன்.

அக்கா என்னை வழியனுப்புகிற சாக்கில் கீழே வந்தாள். கார்கள் நிற்கிற இடத்தில் ஒரு சிமெண்டுத் திட்டில் உட்கார்ந்தோம்.

"அக்கா, எனக்குத் தெரியாம..." என்று ஆரம்பித்தேன்.

"தெரியாம இன்னா? தெரிஞ்சுதான எழுதின" என்றாள். குரலை உயர்த்தவில்லை. "கார்ல மொத தடவை கேட்டப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. அவரு ஸ்டீயரிங்ல தாளம் போட்டுக்கினே ஓட்டறாரு. நான் பக்கத்துல உக்காந்திருக்கேன். பின்னாடி சீட்ல புள்ள தூங்குது. முழுப் பாட்டும் கேட்டேன். ரெண்டு தடவை போட்டாரு."

"அப்பவே என்னை ஏன் கேக்கல?"

"கேட்டா நீ அழுவ. அப்புறம் நான்தான் உன்னை சமாதானப்படுத்தணும்."

"இன்னிக்கே அந்தப் பாட்டை எடுத்துடறேன்கா."

"எடுக்காத. எடுத்தா ஏன் எடுத்தாங்கன்னு கேப்பாங்க. ஏன்னு கேட்டா, அதுல இன்னாதான் இருக்குதுன்னு வார்த்தையைத் தேடிக் கேப்பாங்க. இப்ப யாரும் கேக்கல, ஆடிட்டுப் போறாங்க. அப்படியே ஆடட்டும், விடு."

"நான் அத்தைகிட்ட பேசறேன். அது வேற யாரோன்னு சொல்றேன்."

"நானே சொல்லிட்டேன். நேத்து ரெண்டு பேரையும் உக்காரவெச்சு, டாக்டர் சீட்டெல்லாம் எடுத்துக் காமிச்சு, சரியாயிடுச்சுன்னு சொன்னேன்." மேலே தங்கள் பால்கனியைப் பார்த்தாள். "அவரு ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாரு. எங்கிட்ட ஏன் சொல்லல, தங்கச்சிகிட்ட மட்டும் எப்படிச் சொல்லத் தோணுச்சுன்னு. தங்கச்சின்னா வெளிய போகாதுன்னு நெனச்சேன்னு நான் எப்படிச் சொல்லுவேன், சொல்லு?"

நான் அழுதேன். பட்டப்பகலில், ஆட்கள் போய்வருகிற இடத்தில், அடக்க முடியாமல் அழுதேன். அக்கா பெருமூச்சு விட்டுவிட்டு என் முதுகைத் தடவிக்கொடுத்தாள். "சரி, போதும், வாட்ச்மேன் பாக்கறான்" என்றாள். அவள் சொன்னபடியே ஆயிற்று. தப்புச் செய்தவள் நான், தேற்றுகிற வேலை அவளுக்கு. அந்தக் கை முதுகில் பட்டது இப்போது நினைத்தாலும் எனக்குக் கூசுகிறது.

நண்பனிடம் பாட்டின் முழு அர்த்தத்தையும் சொன்னேன். யாருடைய வார்த்தை என்று சொல்லவில்லை. அந்த அளவுக்காவது புத்தி வந்திருந்தது. அவன் கீபோர்டை அணைத்துவிட்டு, "நான் அதில் பொம்மை பியானோ வைத்தேனே. நீ சிரித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தாயே" என்றான். இரண்டு வாரம் என்னோடு பேசவில்லை. அதன் பிறகு அந்தப் பாட்டை நாங்கள் மேடையில் வாசிப்பதில்லை. ஆல்பத்தில் அது இருக்கிறது. இன்றைக்கும் கூட்டத்திலிருந்து யாராவது "பொம்மை, பொம்மை" என்று கத்துவார்கள். காதில் விழாத மாதிரி அடுத்த பாட்டுக்குப் போவேன்.

மாமாவின் அம்மா நான்கு மாதம் இருந்துவிட்டு ஊருக்குப் போனார். போகும்போது சாவியை அக்கா கையில் கொடுத்து, "மனசுல வெச்சுக்காத சாமி, எனக்கு வேற தெரியல" என்றாராம். இதை அம்மாதான் என்னிடம் சொன்னாள். அம்மாவுக்கு அது எந்தச் சாவி, எதற்காக என்பதெல்லாம் தெரியாது. சம்பந்தியம்மாவுக்கு எவ்வளவு பணிவு என்று மெச்சிக்கொண்டாள்.

இந்த மழைக்காலத்தில் அக்கா மறுபடி உண்டாகியிருக்கிறாள். அதையும் அம்மா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். முதல் தடவை உண்டானபோது மாமாவுக்கும் முன்னால் எனக்குத்தான் ஃபோன் செய்தாள். இந்தத் தடவை ஐந்தாவது மாதம் வரைக்கும் எனக்குத் தெரியவில்லை.

போன வாரம் அம்மா கொடுத்த மாங்காய் ஊறுகாயை எடுத்துக்கொண்டு நிக்டிக்குப் போனேன். மாமா ஆபீஸ் போயிருந்தார். பெரியவன் ஹாலில் கார் ஓட்டி விளையாடிக்கொண்டிருந்தான். அக்கா சப்பாத்திக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். வாந்தி இல்லை, கால் மட்டும் வீங்குகிறது, லிஃப்ட் அடிக்கடி மக்கர் செய்கிறது, மாமா குழந்தைக்குப் பெயர் தேடிக்கொண்டிருக்கிறார் என்று நிறையப் பேசினாள். நானும் தலையை ஆட்டிக்கொண்டே நின்றேன். கடைசியில் கேட்டுவிட்டேன்.

"முன்ன மாதிரி ஏதாவது... நெனப்பு வருதாக்கா?"

அவள் மாவைப் பிசைவதை நிறுத்தவில்லை. "இல்லையே. நல்லா இருக்கேனே" என்று என்னைப் பார்த்துச் சிரித்தாள். லிஃப்டில் கூட வருகிற பக்கத்து வீட்டம்மாவிடம் சிரிக்கிற சிரிப்பு.

"வந்தா மாமாகிட்ட சொல்லுவல்ல?"

"எதை?" என்று கேட்டுவிட்டு, இரண்டு சப்பாத்தி சாப்பிட்டுவிட்டுப் போ என்றாள்.

அவள் உண்மையிலேயே நன்றாக இருக்கலாம். அப்படித்தான் இருக்க வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன். ஆனால் அந்த முகத்தைப் பார்த்து எனக்கு எதுவும் தெரியவில்லை. அன்றைக்கு அவள் என்னிடம் சொன்னதால்தான் டாக்டரிடம் போக முடிந்தது, சொன்னதால்தான் பிழைத்தாள். இந்தத் தடவை அது வந்தால் அவள் என்னிடம் சொல்ல மாட்டாள். வேறு யாரிடமும் சொல்ல மாட்டாளோ என்பதுதான் என் பயம்.